ஆகஸ்ட்ல நான் இருக்க மாட்டேன்

இல்ல டாக்டர், இன்னொரு தடவை நல்லா பாருங்க. அந்தக் குழாயை மறுபடியும் மூக்கு வழியா விடுங்க, நான் அசையாம உக்காந்திருக்கேன். ஒண்ணுமே இல்லைன்னா எப்படி? பதினாலு வருஷமா மேடை மேடையா கத்திட்டிருக்கேன். ஒரு சின்ன வீக்கம், ஒரு கட்டி, ஒரு கீறலாவது இருக்கணுமே.

இருபது வயசுப் பையன் தொண்டை மாதிரி இருக்கா. நீங்க சந்தோஷமாத்தான் சொல்றீங்க. எனக்கு அழுகை வருது.

சரி, சுத்தி வளைக்கல. நேராவே கேட்டுடறேன். எனக்கு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. கோரி ஹெல்மிக், வயசு நாப்பத்தாறு, இனிமே பாடக் கூடாது. அவ்ளோதான். கீழ உங்க கையெழுத்து.

தெரியும், தெரியும். இல்லாத நோய எழுதக் கூடாதுன்னு தெரியும். எதுக்குக் கேக்கறேன்னாவது கேட்டுக்கங்களேன். பத்து நிமிஷம்.

டிசம்பர் டு மார்ச்னு ஒரு பேண்டு, கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லியா. பரவால்ல, அதுல ஒண்ணும் தப்பில்ல. வெளில பேரு எழுதற மேஜைகிட்ட உக்காந்திருக்காளே, மூக்குல வளையம் போட்ட பொண்ணு, அவளைக் கேளுங்க. என் பேரைப் பாதி எழுதிட்டு நிமிந்து பாத்தா. நிஜமா நீங்கதானான்னா. நான் இல்லம்மான்னு சொல்லிருக்கலாம்.

நாங்க மூணு பேர். டேல் வான்சில் கிட்டாரு, ரஸ் டிரம்ஸு, நான் பாட்டும் பேஸ் கிட்டாரும். மூணு பேருமே டிகேட்டர்காரங்கதான். அந்த ஊரு உங்களுக்குத் தெரியுமே, காத்து திரும்பினா ஊரு பூரா ஆலைல சோயா வேகற வாடை. டேல் வீட்டுக்கு அடியில ஒரு ரூம்பு. துணி துவைக்கிற மெஷினுக்கும் கொதிகலனுக்கும் நடுவுல நின்னு வாசிப்போம். பாதிப் பாட்டுல அவங்கம்மா இறங்கி வந்து ஈரத் துணிய அள்ளுவாங்க. ஏண்டா கோரி, சோகமாப் பாடற சரி, எதுக்குடா யாரோ உன் காலை மிதிச்ச மாதிரி கத்தறேன்னு கேப்பாங்க.

பேண்டு பேரா? அது அவங்க தெருவுல இருந்த பலகை. பனி தள்ளற வண்டி வரும்ல, டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் இங்க காரை நிறுத்தாதேன்னு. டேல் அதைப் பாத்துட்டு, டேய், நம்ம மூணு பேரு மனசும் இப்படித்தாண்டா இருக்குன்னான். எங்களுக்கு அப்ப பதினேழு, பதினெட்டு. அதெல்லாம் பெரிய தத்துவமாத் தெரிஞ்ச வயசு.

சர்ச்சுக்குக் கீழ இருக்கற ஹால், பழைய ராணுவக்காரங்க சங்கத்து ஹால், இப்படித்தான் வாசிச்சோம். முப்பது பசங்க வருவாங்க. கையக் கட்டிட்டு, தரையப் பாத்துட்டு நிப்பாங்க. முடிஞ்சா ஒருத்தன் வந்து, நல்லா இருந்துச்சுன்னு என் ஷூவைப் பாத்துச் சொல்லிட்டுப் போவான். எமோ, அதாவது அழுமூஞ்சிப் பாட்டுன்னு கிண்டல் பண்ணுவாங்க. அந்த வார்த்தையக் கேட்டா டேலுக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். நாங்க ராக்குடா, வெறும் ராக்குன்னு சண்டைக்குப் போவான்.

டேலுக்கு அந்த பேண்டுதான் எல்லாம், டாக்டர். அவனுக்குப் பன்னண்டு வயசுல அவன் அப்பா காரை எடுத்துட்டு டயர் மாத்தப் போனாரு. அப்படியே போனவருதான். அதுக்கப்புறம் எவனாவது பயிற்சிக்குப் பத்து நிமிஷம் லேட்டா வந்தாலே இவன் வாசல்ல நிப்பான். திட்டமாட்டான். வந்துட்டியான்னு மட்டும் கேப்பான்.

தொண்ணூத்தெட்டுல பக்கத்து ஊரு ஷாம்பெயின்ல ஒரு நண்பன் வீட்ல உக்காந்து மூணே நாள்ல ஏழு பாட்டு பதிவு பண்ணோம். ஐநூறு காப்பி போட்டோம். அதுல கடைசிப் பாட்டு, ஆகஸ்ட். ரெண்டு வருஷத்துல ரஸ்ஸுக்குக் கல்யாணமாகி அயோவா பக்கம் போயிட்டான். டிரம்ஸ் இல்லாம என்ன பண்றது, பேண்டு தானா நின்னுடுச்சு. டேல் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதான். நானும் அழுதேன். காருக்குள்ள வந்து கதவைச் சாத்தினதும் சிரிச்சேன் டாக்டர். வாயைப் பொத்திட்டுச் சிரிச்சேன்.

அப்புறம் பதினோரு வருஷம் நிலம் அளக்கற வேலை. அளவுக் கருவிய முக்காலி மேல நிறுத்திட்டு மக்காச்சோள வயலு நடுவுல நிப்பேன். நூறு அடி தள்ளி இன்னொருத்தன் கம்பைப் பிடிச்சுட்டு நிப்பான். பேச்சே கிடையாது. கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் வலது பக்கம், எல்லாம் கைச்சாடைதான். மத்தியானம் சாண்ட்விச். என்னைக் கேட்டா மனுஷனுக்கு அது போதும்.

எங்களுக்குத் தெரியாமயே இந்தப் பக்கம் வேற ஒண்ணு நடந்திருக்கு. யாரோ ஒரு பையன் அந்த ஏழு பாட்டையும் இன்டர்நெட்ல போட்டிருக்கான். அது ஊரு ஊராப் போயி, நியூயார்க்ல பெரிய பெரிய பேண்டுக்காரனெல்லாம் பேட்டில சொல்றான், டிசம்பர் டு மார்ச் இல்லைன்னா நாங்களே இல்லைன்னு. எங்களை மாதிரியே கிட்டாரை ஒரு தினுசா சுருதி மாத்தி வெச்சுக்கிட்டு ஐம்பது பேண்டு. எங்களை மாதிரியே கத்தல். ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல டேல் போன் பண்றான். டேய், சிகாகோல கூப்பிடறாங்கடா. ஒரே ஒரு நாள். ரஸ் ஒத்துக்கிட்டான். ஒரு நாள்தானேடா கோரி.

ஆயிரத்து நூறு பேரு வந்தாங்க. ஆகஸ்ட் பாட்டுக்கு நான் வாயைத் திறக்கல, அவங்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆகஸ்ட்ல நான் இருக்க மாட்டேன், சாவிய மேஜைல வெச்சிருக்கேன், உன் மேல கோவமில்லன்னு ஆயிரத்து நூறு பேரும். டேல் கண்ணை மூடிட்டு வாசிக்கறான், கன்னமெல்லாம் தண்ணி. நான் வாசல் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துட்டிருந்தேன்.

அந்த ஒரு நாளு இன்னும் முடியல. அளவு வேலைல லீவு மேல லீவு போட்டேன். அப்புறம் ராஜினாமா குடுத்தேன். அங்க ஒரே நாள்ல ஏத்துக்கிட்டாங்க.

பேண்டை விட்டுட வேண்டியதுதானேன்னு சுலபமாச் சொல்றீங்க. அந்த ஆகஸ்ட் வரிய மணிக்கட்டுல, கழுத்துல, கணுக்கால்ல பச்சை குத்திட்டு வராங்க டாக்டர். எந்தப் பொண்ணுக்கு எழுதினீங்க, இப்ப எங்க இருக்கான்னு கேப்பாங்க. சில பேரு அது சாகப் போறவன் எழுதினதுன்னு நெனச்சுக்கிட்டு, நானும் அப்படி இருந்தேன், இந்தப் பாட்டுதான் என்னை நிறுத்திச்சும்பாங்க. டொலீடோல ஒரு அம்மா, நெத்தியெல்லாம் வேர்வையோட முட்டி மோதி முன்னால வந்து ஒரு போட்டோ காட்டினாங்க. அவங்க பையன். பத்தொம்பது வயசு. அவனை அடக்கம் பண்ணப்ப இதைத்தான் போட்டோம்னாங்க. நீங்க எங்க வாசிச்சாலும் வருவேன், நீங்க பாடறப்ப அவன் பேசற மாதிரி இருக்குன்னாங்க. வராங்க. மூணாவது வரிசைல நிக்கறாங்க. அவங்களைப் பாத்து நான் என்னன்னு சொல்லுவேன்?

ஆமா. டேல்கிட்டயே நேரா சொல்லுங்கன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. நான் சொல்லாம இல்ல டாக்டர். எழுத்துலயே குடுத்தேன்.

தொண்ணூத்தெட்டு ஜூன்ல எனக்குக் கார்பன்டேல்ல நிலம் அளக்கற படிப்புக்கு இடம் கெடச்சுது. ஆகஸ்ட்ல சேரணும். டேல்கிட்ட வாயால சொல்ல தைரியம் வரல. ராத்திரி பூரா உக்காந்து காகிதத்துல எழுதினேன். ஆகஸ்ட்ல நான் இருக்க மாட்டேன். அந்த ரூம்புச் சாவிய மேஜைல வெச்சிருக்கேன். உன் மேல கோவமில்ல. எனக்கு மூச்சு முட்டுது, அவ்ளோதான். மறுநாள் மத்தியானம் அதை அவன் கிட்டாரு மாட்டற ஸ்பீக்கர் பெட்டி மேல வெச்சுட்டு, அவன் படிக்கட்டுமேன்னு மேல போயி அவங்கம்மாகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சேன். கீழ கிட்டாரு சத்தம் கேக்குது. இறங்கிப் போனா, என் காகிதத்தைத் தொடை மேல வெச்சுக்கிட்டு மெட்டுப் போட்டுட்டிருக்கான். கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. டேய் கோரி, இந்த மாதிரி ஒண்ணு நீ எழுதினதே இல்லடா. எவடா அவ?

நான் என்ன சொல்லிருக்கணும்? உனக்குத் தெரியாதுடான்னேன். பேஸை எடுத்து மாட்டிக்கிட்டேன். கார்பன்டேலுக்கு, அடுத்த வருஷம் வரேன்னு எழுதிப் போட்டேன்.

அதான் டாக்டர் அந்தப் பாட்டு. பொண்ணும் இல்ல, சாவும் இல்ல. ராஜினாமா. அதைத்தான் மைக்ல கத்திட்டிருக்கேன், மொத்த ஹாலும் கூடவே பாடுது.

இல்ல, அவனுக்குத் தெரியாதுன்னு நானும்தான் நெனச்சேன். போன மாசம் கிளீவ்லேண்ட் போற வழில பெட்ரோல் போட நிறுத்தினோம். ரெண்டு பேரும் வேன் கதவோரமா உக்காந்து சாப்பிட்டுட்டிருக்கோம். எப்படி வாய் வந்துச்சோ, சொல்லிட்டேன். டேய் டேல், அது பாட்டு இல்லடா, உனக்கு எழுதின லெட்டருன்னு. அவன் சாண்ட்விச்சை மென்னுக்கிட்டே, தெரியும்டான்னான்.

எப்பலேர்ந்துடான்னேன்.

அன்னைக்கேதான்னான். கடைசி வரில, என் பேஸை ரஸ்ஸு தம்பிக்குக் குடுத்துடுன்னு எழுதிருந்தியே. எந்தப் பொண்ணுக்குடா அப்படி எழுதுவாங்க? அதை மட்டும் விட்டுட்டு மிச்சத்துக்கு மெட்டுப் போட்டேன்.

அப்புறம் எதுக்குடா அழுதுட்டே எவடா அவன்னு என்னைக் கேட்டே?

வேற என்னடா கேக்கச் சொல்றே? போகாதேன்னு கேட்டிருந்தா நீ போயிருப்பே.

அவ்ளோதான் சொன்னான். கையைத் துடைச்சுக்கிட்டு வண்டிய எடுத்தான். நானும் ஏறி உக்காந்தேன் டாக்டர். அன்னைக்கும் பாடினேன்.

இப்ப வெளில உக்காந்திருக்கான். அவன்தான் கூட்டிட்டு வந்தான். என் தொண்டைக்குன்னு பிளாஸ்க்ல தேன் போட்ட வெந்நி, கழுத்துக்கு ஒரு மஃப்ளரு. வெள்ளிக்கிழமை மில்வாக்கில வாசிக்கணும்.

அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். நான் எழுதினா அவன் கிட்டாரை எடுத்துடுவான். நீங்க எழுதுங்க. டாக்டர் எழுதினதுக்கு அவனால மெட்டுப் போட முடியாது.