ஓபுளன் தைக்க மறுத்த செருப்பு

ரயிலும் ரோடும் வராத காலத்துல, இந்தச் சோளங்குளத்துல ஓபுளன்னு ஒருத்தர் இருந்தாராம். எனக்குப் பாட்டனுக்குப் பாட்டன். தோல் வேலை. மேலத்தெருக்காரங்க இதே கதையை வேற மாதிரி சொல்லுவாங்க. அது அவங்க வசதி. எங்க அப்பன் எனக்குச் சொன்னதை நான் சொல்றேன். குறுக்கப் பேசாம கேளுங்க.

ஓபுளன் தைச்ச செருப்புன்னா சுத்துப்பட்டு ஏழு ஊர்லயும் பேச்சாம். காலைப் பார்த்துத் தைக்கிறவன் பாதி வேலைக்காரன், வானத்தைப் பார்த்துத் தைக்கிறவன்தான் முழு வேலைக்காரன்னு சொல்லுவாராம். வேட்டைச் செருப்பு அவர்கிட்ட மூணு தினுசு. கோடைக்கு எருமைத்தோல், மூணு அடுக்கு, ஆமணக்கெண்ணெய் குடிச்சுக் குடிச்சுக் கறுத்தது. கருவேல முள்ளு அதுல முட்டி முனை மழுங்கிடும். மார்கழிப் பனியில முயலுக்குப் போறவனுக்கு ஆட்டுத்தோல், ஒத்தை அடுக்கு. மிதிச்சவனுக்கே மிதிச்ச சத்தம் கேக்காது. மழைக்கு? மழைக்குத் தோலே ஆகாதுன்னுடுவார். கரிசல் சேறு தோலைப் பிடிச்சா விடாது. பனைநாரைப் பின்னி, கணுக்காலோட இறுக்கிக் கட்டு, சேறு பின்னல் சந்து வழியா போயிடும்பாராம்.

இத்தனையும் செஞ்சு கொடுத்த மனுசன் காலில் என்ன இருந்துச்சு? ஒண்ணுமில்ல. எங்க தெரு ஆளு செருப்புப் போடக்கூடாதுன்னு ஊர்க் கட்டுப்பாடு. தைக்கலாம். கையில தூக்கிட்டுப் போய்க் கொடுக்கலாம். காலில் போடக்கூடாது.

மாசி மாசம் ஊர் வேட்டை. மேலத்தெருக்காரன் வேல்கம்போட வெட்டவெளியில நிப்பான். எங்க ஆளுங்க பன்னெண்டு பேரு முள்ளுக்காட்டுக்குள்ள பூந்து, தப்பு மேளம் அடிச்சு, காட்டுப்பன்னியை அவன் பக்கம் கலைச்சு விடணும். வெறுங்காலோட. ஒரு வருசம் ஓபுளனோட தம்பி குருவன் அப்படித்தான் போனான். முள்ளு ஏறிச்சு. சீழ் வச்சிச்சு. கால் கறுத்துச்சு. பங்குனி பொறக்கும்போது அவன் இல்ல.

அடுத்த மாசிக்கு முன்னால ஓபுளன் நாட்டாமை வீட்டு வாசல்ல போய் நின்னாராம். நாட்டாமை பேரு வெயிலுகந்தான். அவனை 'அவர்'னு சொல்லணும்னா நான் இப்பவே எந்திரிச்சுப் போயிடுறேன்.

"சாமி, கலைக்கப் போற பன்னெண்டு பேரும் வேட்டை அன்னிக்கு மட்டும் காலுக்கு ஏதாச்சும் போட்டுக்க உத்தரவு வேணும்."

"எதுக்குலே?"

"முள்ளு குத்துது சாமி. போன வருசம் என் தம்பி போயிட்டான்."

"முள்ளுன்னா குத்தத்தான் செய்யும். இன்னிக்குச் செருப்புக் கேப்ப, நாளைக்கு ஏறிப் போகக் குதிரை கேப்ப."

பக்கத்துல நாலு பேரு சிரிச்சாங்களாம். அந்த நாலு பேர் பேரும் எனக்குத் தெரியும். அவங்க வம்சம் இன்னும் ஊருக்குள்ள இருக்குன்னு சொல்லாம விடுறேன்.

ஓபுளன் திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து நார் கிழிச்சார்.

அந்த வருசம் மாசியில மழை. மூணு நாள் விடாம அடிச்சு, நாலாம் நாள் காலையில வேட்டை. முதல் வேல் எறியிற நாட்டாமை புதுசா தைச்ச மூணடுக்கு போட்டுத்தான் காட்டுல இறங்கணும்கிறது அவங்க வழக்கம். பித்தளைக் குமிழ் வச்சு, நடந்தா கிறீச்சுன்னு கத்துறது. ஓபுளன் அதையும் கொண்டு போனார். கூடவே நார்ச் செருப்பு ஒரு சோடியும் கொண்டு போனாராம்.

"சாமி, தரை கெட்டுக் கெடக்கு. தோல் இன்னிக்கு வேண்டாம். கரிசல் கவ்விடும். இதைப் போடுங்க."

"நாரைச் சுத்திக்கிட்டுப் போக நான் என்னலே பொரிகடலைப் பொட்டலமா?"

"மழைக்கு இதுதான் சாமி சுகம்."

"மாசி வேட்டைக்கு மூணடுக்கு. எங்க அப்பன் போட்டான், நான் போடுறேன். எங்க வீட்டு வழக்கம் மழையைக் கேட்டா நடக்குது?"

சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. ஓபுளன் காட்டுக்கு வந்தார். அங்க புதருக்குப் பின்னால எங்க ஆளுங்க காத்திருந்தாங்க. அவரோட சேர்த்துப் பன்னெண்டு பேரு, பன்னெண்டு சோடி நார்ச் செருப்பு. முழங்கால் வரைக்கும் சேறு. யார் குனிஞ்சு காலைப் பார்க்கப் போறா? கட்டிக்கிட்டு உள்ள இறங்கினாங்களாம்.

தப்பு அடிச்சாங்க. பன்னி கெளம்பிச்சு. கிழட்டு ஆண் பன்னி, வாயோரம் வளைஞ்ச கொம்பு. நேரா வெயிலுகந்தான் நின்ன பக்கம் போச்சு. அவன் வேலை எறிஞ்சான். அது பன்னி முதுகை உரசிட்டுத் தரையில குத்தி நின்னுச்சு. பன்னி திரும்பிச்சு. ஓடணும். எங்க ஓட? ஒரு எட்டு வச்சான், செருப்புல ஒரு படி மண்ணு. ரெண்டு எட்டு வச்சான், மரக்கால் மண்ணு. மூணாவது எட்டுல கால் உரலாப் போச்சு. கழட்டி எறியலாம்னா, நனைஞ்ச வாரு முடிச்சு இறுகிக் கெடக்கு. மல்லாக்க விழுந்தான். கூட நின்ன மேலத்தெருக்காரன் எல்லாம் அவனவன் மரத்தைத் தேடினானாம்.

ஓபுளன் தப்பைத் தூக்கிப் போட்டுட்டு ஓடினார். அந்தச் சேத்துல மான் கணக்கா ஓடினார்னு சொல்லுவாங்க. தரையில நின்ன வேலைப் பிடுங்கி, பன்னி காதுக்குப் பின்னால இறக்கினார். அது விழுந்த இடத்துக்கும் வெயிலுகந்தான் தலைக்கும் ஒரு முழம்.

உசிரைக் காப்பாத்தினவரை அவன் என்ன கேட்டான் தெரியுமா? படுத்துக் கெடந்தவன் கண்ணுக்கு நேரா அவர் கால்.

"உன் காலில் என்னலே?"

இதான் கேட்டான். முதல் பேச்சு இதான்.

பன்னெண்டு பேரையும் வரிசையா நிக்க வச்சு, கால் கழுவச் சொல்லிப் பார்த்தாங்களாம். மறுநாள் காலையில தீர்ப்பு. அவங்கவங்க செருப்பை அவங்கவங்க தலையில வச்சு மேலத்தெருவைச் சுத்தி வரணும். சுத்தினாங்க. பொம்பளைங்க வாசல்ல நின்னு பார்த்தாங்களாம். எங்க அப்பன் இந்த இடத்துல எச்சில் துப்பிட்டுத்தான் மேல சொல்லுவார்.

சுத்தி முடிச்சதும் ஓபுளன் தலையில இருந்ததை இறக்கி வச்சாராம்.

"சாமி, தண்டனை தீந்துச்சா?"

"தீந்துச்சு. போ."

"இனி மேலத்தெருக் காலுக்கு நாங்க ஊசி எடுக்க மாட்டோம்."

"அப்ப ஊரை விட்டுப் போங்கலே."

"போறோம். கிணத்துல தண்ணி இறைக்கிற தோல் பறி கிழிஞ்சா யார் தைப்பா?"

மேலத்தெருக்காரன் கணக்குப் போட்டுப் பார்த்தானாம். நாப்பது கிணறு, நாப்பது பறி. சோளம் பால் பிடிக்கிற நேரம்.

"பறி தைப்போம். பயிர் எங்களுக்கு ஒரு பாவமும் பண்ணல. செருப்புத்தான் கிடையாது."

இப்படித்தான் சொன்னாராம் எங்க ஓபுளன்.

இருந்த செருப்பு ஒரு வருசம் தாங்கிச்சு, ரெண்டு வருசம் தாங்கிச்சு. அப்புறம் பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பினாங்க.

"எந்த ஊரு?"

"சோளங்குளம்."

"எந்தத் தெரு?"

"மேலத்தெரு."

"தோல் இல்ல, போங்க."

அடுத்த ஊருக்குப் போனாங்க. எந்த ஊரு, சோளங்குளம். எந்தத் தெரு, மேலத்தெரு. தோல் இல்ல, போங்க. ஏழு ஊர்லயும் அதே பதில். ஏழு ஊர்லயும் தைக்கிறவங்க எங்க மாமன் மச்சான்தானே.

மூணாவது மாசியில மேலத்தெரு மொத்தமும் வெறுங்காலோட காட்டுல இறங்கிச்சு. எங்க ஆளுங்க பன்னெண்டு பேரும் அவங்க கண்ணு முன்னாலயே எருமைத்தோல் மூணடுக்கு போட்டுக்கிட்டுப் போய் நின்னாங்க. அது நல்ல வெயில் வருசம். எவனும் கழட்டச் சொல்லல, பறி நினைப்பு. வெயிலுகந்தானுக்கு முள்ளு ஏறிச்சு. செத்தானான்னு கேக்காதீங்க, சாகல. நொண்டினான். எனக்கு அது பத்தாது.

இப்ப வேட்டை எங்க இருக்கு? காட்டுக் கருப்பன் கோயில்ல கும்பிட்டுட்டு, வேல்கம்பைத் தூக்கிக்கிட்டுக் காட்டை ஒரு சுத்து சுத்தி வர்றதுதான். கடையில ஆயிரம் தினுசு செருப்பு விக்குது. ஆனாலும் மாசி வந்தா மேலத்தெருக்காரன் எல்லைக் கல்லுகிட்ட செருப்பைக் கழட்டி வச்சுட்டுத்தான் காட்டுல இறங்குறான். எங்க தெரு ஆளு செருப்போட போறான். முட்டி வலியால நான் ரெண்டு வருசமா போகல. ஓரமா நின்னு அவங்க முள்ளு எடுக்கிறதைப் பார்த்துட்டு வருவேன்.

ஏன்யா வெறுங்காலோட போறீங்கன்னு கேட்டுப் பாருங்க. கருப்பனுக்கு விரதம்னு சொல்லுவான். கேட்டுட்டு அப்படியே நேரா கோயிலுக்குப் போய்க் கருப்பன் சிலையைப் பாருங்க. கருப்பன் காலில் செருப்புப் போட்டுத்தான் நிக்கிறான்.