கயல்விழி என்று கத்தியவர்

கனடாவில், லாசால் என்ற இடத்துக்குப் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அமெரிக்கா கனடாவிலை ஃபுட்போல் ஒருநாளும் எடுபடாது, அண்ணை. சனம் காசு குடுத்து ஹொக்கிதான் பாக்கும்," என்றார் இளையவர்.

"நேற்று எங்கடை தெருச் சனம் முழுக்க மைதானத்திலை நிண்டது," என்றார் மூத்தவர். "என்ரை மகள்தான் கோல் கீப்பர். கடைசிப் பெனால்டியைப் பாய்ஞ்சு பிடிச்சிட்டாள். ஹொக்கியைத் தவிர வேறை ஒண்டும் பாக்காத பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் கதிரையிலை ஏறி அவளின்ரை பேரைக் கத்தினான்."

"பள்ளிக்கூடத்திலை கூப்பிடுற மாதிரி 'கே' எண்டோ?"

"அது ரீச்சர்மார் சுருக்கின பேர். இவன் கயல்விழி, கயல்விழி எண்டு முழுசாக் கத்தினான்."



"அடுத்த மச் எப்ப, அண்ணை?" என்றார் இளையவர்.