மெழுகுவத்தியில ஒட்டின பேரு

…பேராம் பேரு! ஒரு தும்மலு போட்டா முடிஞ்சிபோற பேரு! கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, இந்தப் பெட்டிய மடியில வச்சுக்கணும், ஒடையிற சாமான். ஆங்… கொழந்த தூங்குதா? தூங்கட்டும். நான் மெதுவாத்தான் பேசுவேன்.

ரயிலு வடக்க போகப் போகப் பேரெல்லாம் தேஞ்சுக்கிட்டே வருது பாத்தியா? தெக்க, எங்க பவேரியாவுல பேருன்னா வாய் நெறைய இருக்கும். ஹின்டர்லைட்னர்! சொல்லிப் பாரு. மலைச் சரிவு, அதுக்குப் பின்னால ஒரு வீடு, எல்லாம் அந்தப் பேருக்குள்ளயே இருக்கு. எம்மவன ஊரே ஹின்டர்லைட்னர் வின்சென்ஸ்னுதான் கூப்பிடும். குடும்பம் மொதல்ல, ஆளு அப்புறம். அதுதானே மொறை?

இந்தக் கடலோரத்து ஆளுங்களப் பாரு. ஒக்கோ, தாம்மோ, ஃபோக்கோ… புள்ளையக் கூப்பிடுறாங்களா, கோழியக் கூப்பிடுறாங்களா? குடும்பப் பேரு அதுக்கு மேல. என்னைக்கோ ஒரு அப்பன் பேரு யான், அதனால தெரு பூரா யான்சென். தபால்காரன் பாவம்!

எங்களுக்குப் பக்கத்துச் சீமை ஸ்வாபியாக்காரங்க சங்கதியே வேற. எல்லாத்துக்கும் வாலுல ஒரு ‘லெ’. ஹெய்பெர்லெ, மெர்க்லெ… எதையும் சின்னதாக்கினாத்தான் அவங்களுக்குத் தூக்கம் வரும். என்ன கேக்குற? ஆமா, நானும் ஏபெர்லெயாப் பொறந்தவதான். அதுக்கென்ன இப்போ? முப்பத்தொம்போது வருசமா ஹின்டர்லைட்னர்! என் மாமியா சாகுறவரைக்கும் என்ன ‘அந்த லெ’ன்னுதான் கூப்பிட்டா. மாடு கறந்து, சட்டி கழுவி சம்பாதிச்ச பேரும்மா இது. சும்மா வந்துச்சா?

அதப் போயி எம்மவன் தொலச்சுட்டு நிக்கிறான். கல்யாணத்தப்போ பொண்டாட்டி வீப்கேயோட குடும்பப் பேர எடுத்துக்கிட்டான், அவ இந்தக் கடலோரத்துக்காரி. வின்சென்ஸ் ஐல்ட்ஸ்! மாட்டு வண்டியில படகுத் துடுப்பக் கட்டின மாதிரி இல்ல?

சரி, தொலையட்டும், பேரனுக்காவது கோர்பினியான்னு வைங்கடான்னேன். எங்க பக்கத்துப் புனிதரு பேரு. ம்ஹூம்! அவளுக்கு அவ தாத்தன் பேருதான் வேணுமாம். அந்தத் தும்மலு! என் வாயால அதச் சொல்ல மாட்டேன்.

நாளைக்கு ஞானஸ்நானம். புள்ள பேரு ஒட்டின மெழுகுவத்தி ஏத்தணுமில்ல, அத நான் கொண்டாறேன்னுட்டேன். இந்தா, தொறக்குறேன் பாரு… செவப்பு மெழுகுல எழுத்து. கோர்பினியான் ஹின்டர்லைட்னர். எப்படி? …ஏன் அப்படிப் பாக்குற? அந்தப் புள்ள பேரு அது இல்லதான். தெரிஞ்சுதான் செஞ்சேன்.

இத யாரோ மவன்கிட்ட சொல்லிட்டாங்க. ஹனோவர்ல வண்டி மாறுறப்போ மவன் போன் பண்ணினான். “அம்மா, மெழுகுவத்தியில அவன் பேரு இருந்தா வா. இல்லேன்னா அடுத்த வண்டியில திரும்பிடு”ங்கிறான். புள்ள பொறந்து மூணு மாசமாச்சு. போட்டாவுலதான் பாத்தேன். ஒரு தடவ கையில வாங்கல.

எல்லாம் அவ சொல்லிக் குடுத்தது… இல்ல. பொய் எதுக்கு? கல்யாணத்துக்கு முன்ன அவ என் சமையக்கட்டுல நின்னு கேட்டா. “அத்தே, உங்க பேரையே நாங்க ரெண்டு பேரும் வச்சுக்கட்டுமா?” ஈரக் கையத் தொடச்சுக்கிட்டே கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மீன் நாத்தம் அடிக்கிறவளுக்கு எங்க பேரு ஒட்டாது”ன்னேன். என் மாமியா குரலு அப்படியே எந்தொண்டையில வந்துச்சும்மா. மறுநாளே அவன் கல்யாணப் பதிவு ஆபீசுல போயி அவ குடும்பப் பேர எழுதிக் குடுத்துட்டான்.

அடுத்த ஸ்டேசன் லேயரா? நான் எறங்க வேண்டிய எடமாச்சே! அடக் கடவுளே. ஏம்மா, கொண்டையில குத்தியிருக்கியே, அந்த ஊசியக் குடு. சீக்கிரம். இப்படிப் புடிச்சுக்கோ… கோர்பினியான் வந்துருச்சு பாரு, நகத்துல தொட்டதும் வந்துருச்சு. கீழ போடாத, எடுத்து வை. அந்த மெழுகையே உருட்டி அவன் பேர ஒட்டிக்கலாம். ஹாயோ. ம், அதான் பேரு. ஹாயோ. தும்மலுதான்… இருந்துட்டுப் போவட்டும்.

இந்த ஹின்டர்லைட்னர்தான் வர மாட்டேங்குது. நல்லா அழுத்திப் புடிம்மா! எங்க வரும்? கடைக்காரிகிட்ட நாந்தானே சொன்னேன், குடும்பப் பேரு மட்டும் யாரு சொரண்டினாலும் உரியக் கூடாது, அழுத்தி ஒட்டுடின்னு.