மூடியிருந்ததாகச் சொன்ன கேட்

பகல் பதினொன்றே முக்கால். டிசம்பர் மாதம். ஸ்பெயின் நாட்டில் ஹாயேன் ஊர்ப் பக்கம், ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே போகிற அந்தப் பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை… பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள்.

நடந்தது என் நண்பன் மத்தியாஸின் மாமா ஃபெர்மினுக்கு. தண்டவாளத்தைப் பிடுங்கி, சரளை கொட்டி, நடைபாதை ஆக்கினார்களே, அதே ரயில் பாதையில் ஒரு காலத்தில் அவர் கேட் கீப்பர். டாக்டர் நடக்கச் சொன்னதால் மனைவி கஸில்டாவோடு போனார்.

"நத்தைகூட உங்களை முந்திடும்," என்று கிண்டல் செய்துகொண்டே கஸில்டா முன்னால் போய்விட்டாள்.

பழைய கேட் இருந்த இடம். சட்டென்று… பிரேக் பிடித்துத் தேய்ந்த இரும்பு வாடை. பாதையோரம் ஒரு பெண், கடக்காமல் நின்றாள். எங்ராசியா. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் ரயிலில் அடிபட்டுச் செத்தவள்.

அன்று ஃபெர்மின் ஒயின் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார். கேட் திறந்தே கிடந்தது. விசாரணையில், மூடித்தான் இருந்தது, அவள்தான் குனிந்து நுழைந்தாள் என்று சொல்லிவிட்டார். ஊர் நம்பியது. அவள் மகள் அவுரேலியா, 'அந்த அவசரக்காரி மகள்' என்ற பேரோடு வளர்ந்தாள்.

"கேட் மூடியா இருந்துச்சு, ஃபெர்மின்?"

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. காலடியில் சரளை கடகடவென்று அதிர்ந்தது… கண்ணை இறுக்கி மூடினார். திறந்தபோது கஸில்டா தோளை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, யாரைப் பார்த்து அழுவுறீங்க?"

அப்போதுதான் முதல்முறையாக மனைவியிடம் சொன்னார். அவள் அவரைப் பாதையோரம் உட்காரவைத்தாள். பிறகு, "என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லுங்க," என்றாள்.

மறுநாள் காலை போனார். அவுரேலியா தனியாக இருப்பவள். தட்டும் முன்பே கதவைத் திறந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"நான்தாம்மா கொன்னேன். பழியையும் அவங்க மேலயே போட்டேன்."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை.

"தெரியும். நீங்க வருவீங்கன்னு அம்மா சொன்னாங்க. உள்ள வந்து உக்காருங்க."

மேசையில் மூன்று காப்பிக் கோப்பைகள். ஒன்று அவளுக்கு. ஒன்று அவருக்கு. மூன்றாவது… பாதி குடித்து வைத்திருந்தது. இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.