'இதுவரை யாரும்' என்று தொடங்கும் வரி

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர் அவர்களே, பேராசிரியர்களே, என் தங்கையிடம் படித்து இன்று தலை நரைத்து நிற்கும் பிள்ளைகளே, அவளுடைய நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நான் அவளுடைய அண்ணன், தையல்காரன். கிழவனான பிறகு எழுத்துக் கற்றவன். இந்த உரையை நானே எழுதினேன். மெல்ல எழுதினேன், மெல்லத்தான் படிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளை நீங்கள் 'முதல்பத்தி அம்மா' என்றீர்கள். பொறியியல் ஆய்வுக் கட்டுரைக்கு முன்னுரை எழுதக் கற்றுக்கொடுக்க அவளைப் போல் யார் இருந்தார்கள்? "உலகம் வேகமாக வளர்ந்துவருகிறது" என்று ஒருவர் தொடங்கினால், "உலகம் வளரட்டும்ப்பா. உன் குழாய் ஏன் வெடிச்சுது? அதைச் சொல்லு" என்பாள். எது உடைகிறது, அதை முன்பு யார் பார்த்தார்கள், அவர்கள் பார்க்காமல் விட்டது எது, நீ என்ன செய்யப்போகிறாய். இவ்வளவுதான் முன்னுரை என்பாள். இவ்வளவை எழுதவைக்க உங்களை என்ன பாடு படுத்தினாள்!

எனக்கும் நீங்கள் எழுதிக் கொடுத்த முன்னுரைத் தாள்களை வைத்துத்தான் எழுத்துக் கற்றுக்கொடுத்தாள். அதனால் எனக்கு முன்னுரைகள் மட்டுமே தெரியும். எந்தக் கட்டுரை எப்படி முடிந்தது என்று இன்றுவரை தெரியாது.

அவள் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. "இதுவரை யாரும் ஆராயவில்லை" என்று எழுதியவர், எழுந்து நின்று அந்த வரியை உரக்கப் படிக்க வேண்டும். முன்பே ஆராய்ந்தவரைத் தெரிந்தவர்கள் கை தூக்க வேண்டும். ஒரு கை எழுந்தாலும் வரியை அடித்துவிட்டு, விடுபட்டவரை முன்னுரைக்குள் கொண்டுவர வேண்டும். நினைவிருக்கிறதா? துறைத் தலைவர் அவர்களே, உங்களுக்கு நினைவிருக்கிறதா? உங்கள் முதல் முன்னுரையை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தானே எழுதினீர்கள்? என் மெஷின் சத்தத்தில் கவனம் சிதறுகிறது என்று என்னைக் கோபித்துக்கொண்டீர்களே.

கொதிகலன் குழாய்களில், வெல்டிங் செய்து பற்றவைத்த இடத்தில் விரிசல் ஏன் வருகிறது? என் தங்கை அதற்கே வாழ்நாளைக் கொடுத்தாள். அவள் சோதனை செய்தபோதெல்லாம் பக்கத்தில் நின்றவர் நீங்கள்.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு, அதே விரிசலைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை, அச்சுக்குப் போகுமுன் ஆசி கேட்டு வந்தது. அவளுக்குக் கண் தெரியவில்லை. நான் படித்தேன். முதல் வரி நீளமான வரி. எங்கும் தடுக்காமல் படித்து முடித்தேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"இன்னொரு தடவை படிண்ணா" என்றாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து, இன்னும் தெளிவாகப் படித்தேன்.

"என்னை விட்டுட்டான்ண்ணா" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்தக் கட்டுரையையும் படிக்கச் சொல்லவில்லை.

இன்று நீங்கள் அவளைத் தாய் என்றீர்கள். வழிகாட்டி என்றீர்கள். மாலை போட்டீர்கள். மேடையில் இத்தனை இடம் கொடுத்தவருக்கு, முன்னுரையில் ஒரு வரி கொடுக்க மனம் வரவில்லையா?

அவள் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பலர் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன், இப்போதே தொடங்குகிறேன். கட்டுரை இன்னும் அச்சாகவில்லை. எழுந்து நின்றுதான் இருக்கிறேன். அதன் முதல் வரியை உரக்கப் படிக்கிறேன்.

"கொதிகலன் குழாய்களில் பற்றவைத்த இடத்தில் தோன்றும் விரிசலின் காரணத்தை இதுவரை யாரும் ஆராயவில்லை."

தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்.

என் கையைத் தூக்கிவிட்டேன். தலைவர் தம்பி, உங்கள் கை எழும்வரை இதை இறக்கமாட்டேன்.