பச்சை சோபாவின் இடது ஓரம்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது, சாசேஜ்களை வெங்காயத்தோடு பீரில் வேகவைத்து இறக்கிவிடுவது என் வழக்கம். பிறகு குறிப்பேட்டையும் சீவிய பென்சிலையும் எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருவேன். என் தங்கை டொரீனின் கணவர் லைல், பச்சை சோபாவின் இடது ஓரத்தில் உட்காருவார். பத்தொன்பது ஆண்டுகளாக இப்படித்தான். லைலை எனக்கு மிகவும் பிடிக்கும். துணை ஷெரிஃப் அவர்களே, இதை நீங்கள் என் வாக்குமூலத்தின் முதல் வரியிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

நம் மரவெட்டிகள் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளாக, பருவ முடிவில் வரும் பிளேஆஃப் சுற்றின் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள். இந்தப் பருவத்திலும் கடைசி இடம்தான் என்று எல்லாரும் கணித்தார்கள். முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்று, அணி அந்தக் கணிப்புக்கு மரியாதை செய்தது.

ஐந்தாவது ஆட்டத்தில் லைல் பீர் எடுக்கக் கார் கொட்டகைக்குப் போனார். அந்த ஒரு நிமிடத்தில், எதிரணி உதைத்த பந்தை நம் ஆள் பிடித்து, மைதானத்தின் மறுகோடிவரை ஓடி டச்டவுன் எடுத்தான், ஆறு புள்ளி. லைல் திரும்பி வந்து உட்கார்ந்தார். அடுத்த முறை அதே ஆள் பந்தைக் கை நழுவவிட்டான்.

"மச்சான், இன்னொரு பீர் எடுத்துட்டு வாங்க," என்றேன்.

"இதுலயே பாதி இருக்கே."

"எனக்கு."

"உங்களது இன்னும் தெறக்கவே இல்லியே."

"போங்க மச்சான், சொன்னாக் கேளுங்க."

போனார். மீண்டும் டச்டவுன். லைல் மந்த புத்திக்காரர் அல்லர். கொட்டகைக் கதவருகிலிருந்து அவரே குரல் கொடுத்தார்: "நான் இங்கயே நின்னுக்கறேன். நீங்க கத்துனா எனக்குக் கேக்கும்." அன்று வென்றோம்.

முப்பத்தோர் ஆண்டுகள் காகித ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஒரே ஒரு முடிவை வைத்து எதையும் தீர்மானிக்க மாட்டேன். ஆகவே அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் சோதித்தேன். பதினாறு ஆட்டங்கள் முடிந்தபோது ஒன்பது வெற்றிகள் சேர்ந்திருந்தன. அந்த ஒன்பதில் ஒன்றைக்கூட லைல் பார்க்கவில்லை. ஐந்தாவது ஆட்டத்துக்குப் பிறகு மூன்று தோல்விகளும் உண்டு, மறைக்க மாட்டேன். ஒன்றில் அவர் கொட்டகை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இன்னொன்றை மதுக்கடையில் திருட்டுத்தனமாகப் பார்த்தார். மூன்றாவதன்போது அவர் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆட்டத்தைக் கனவு கண்டிருக்கலாம். கேட்டேன், அவர் மறுக்கவில்லை.

பன்னிரண்டாவது ஆட்டம் முடிந்த அன்று லைல் என்னிடம் வந்தார். "மச்சான், கடைசியா நாம பிளேஆஃப் ஆடுனப்ப எங்கப்பா பக்கத்துல உக்காந்து பாத்தேன். அதுக்கப்புறம் அவரு இல்ல. இந்த வருசம் ஒரு ஜெயிப்பக்கூட என் கண்ணால பாக்கல. ஒண்ணே ஒண்ணு பாத்துடறேனே," என்றார். அவருடைய துயரம் எனக்கு நன்றாகவே விளங்கியது. அதைக் குறிப்பேட்டில் தனிப் பத்தியாக எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் சில சிறிய ஏற்பாடுகளைச் செய்ய வேண்டியதாயிற்று. பதின்மூன்றாவது ஆட்டத்தன்று லைல் வீட்டு நிலவறையில் தண்ணீர்க் குழாயின் இணைப்பைத் தளர்த்தினேன். கால் சுற்றுத்தான், அரைச் சுற்று அல்ல. பதினான்காவது ஆட்டத்துக்கு முந்திய மாலை, அவருடைய ஆடும் பல்லை மனத்தில் கொண்டு ஒரு பை நிறைய கேரமல் மிட்டாய் பரிசளித்தேன். ஞாயிறு முழுவதும் அவர் மாத்திரை விழுங்கிவிட்டுப் படுத்திருந்தார். பதினைந்தாவதற்கு, தேவாலய விருந்தில் பாத்திரம் கழுவுவோர் பட்டியலில் அவர் பெயரை எழுதினேன், அவருடைய கையெழுத்திலேயே. மூன்றிலும் வென்றோம். பாத்திரங்களும் பளிச்சென்று இருந்ததாகப் போதகர் சொன்னார்.

"நெசமாவே இத நம்புறீங்களா சார்?" என்று நேற்று என்னைக் கேட்டீர்கள். என் மருமக்கள் சிறுவர்களாக இருந்தபோது நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. கரடி தூங்குவதால்தான் பனி பெய்கிறது என்று ஏரிக்கரை அணில்கள் நம்பினவாம். கொட்டைகளைப் புதைத்த இடம் பனியில் மூடிக்கிடந்தால்தான் திருடுபோகாது என்பதற்காக, ஆண்டுதோறும் குகை வாசலில் கூடிக் கரடிக்குத் தாலாட்டுப் பாடினவாம். ஓர் ஆண்டு கரடிக்குத் தூக்கம் வரவில்லை. தாலாட்டுப் பாடிய அணில்களைத் தின்றுவிட்டு வெளியே வந்து பார்த்தது. பனி பெய்துகொண்டிருந்தது. மூட நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைச் சொல்வேன். ஆனால் அந்த அணில்களிடம் குறிப்பேடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பதினேழாவது, கடைசி ஆட்டம். "வானமே இடிஞ்சு விழட்டும் மச்சான், நாளைக்கு நான் என் எடத்துலதான் உக்காருவேன்," என்று சனிக்கிழமையே லைல் சொல்லிவிட்டார். சரி என்றேன். ஞாயிறு காலை, பகல் சாப்பாட்டுக்கு இரண்டு மீன் பிடித்து வரலாம் என்று அழைத்து, உறைந்த ஏரியின் நடுவிலிருக்கும் என் மீன்பிடிக் குடிலில் அவரை உட்காரவைத்தேன். தூண்டில் இரை எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே வந்து கதவின் கொக்கியை மாட்டினேன்.

உள்ளே கணப்பு எரிந்தது. காற்றுத்துளையை இரண்டு முறை சரிபார்த்தேன். நான்கு ரொட்டிகளும் ஒரு குடுவைக் காப்பியும் குறுக்கெழுத்துப் புத்தகமும் வைத்திருந்தேன். கைப்பேசியை மட்டும் சார்ஜ் போட்டுத் தருவதாக வாங்கிக்கொண்டேன். நான் கொடியவன் அல்லன். அவர் கத்தியிருக்கலாம், ஆனால் அன்று ஏரியில் வேறு ஆளே இல்லை. ஊரே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தது.

மூன்று மணி நேரத்துக்குத்தான் திட்டமிட்டிருந்தேன். கடைசி நொடியில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து வென்றோம். ஆனால் அது மட்டும் போதாது. பிளேஆஃபுக்குள் நுழைய வேண்டுமானால், மாலை ஆட்டத்தில் சுரங்கத்தார் அணி தோற்கவும் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் போட்டியை நடத்தும் சங்கத்தார், நான் அல்ல. எனவே லைலின் மறுபாதி நாளுக்கு அவர்களும் பொறுப்பு.

இரண்டு மணிக்கு டொரீன் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணே, அவரு எங்க?"

"மீன் பிடிக்கிறாரு."

"இன்னிக்கா? ஆட்டம் நடக்கறப்பவா? யாருகிட்ட கத வுடற?"

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான்கு மணிக்கு அவள் உங்களைக் கூப்பிட்டாள். நாலேகாலுக்கே உங்கள் வண்டி ஏரிக்கரைக்கு வந்துவிட்டதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சுரங்கத்தார் தோற்றது ஆறு முப்பத்தைந்துக்கு. நீங்கள் வண்டியிலிருந்து இறங்கியது ஆறு முப்பத்தேழுக்கு. அதுவரை உங்கள் வண்டியின் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. நான் குறை சொல்லவில்லை. குறிப்பேட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் ஏரிக்கு வந்து சேர்வதற்கும் நீங்கள் கொக்கியைக் கழற்றுவதற்கும் சரியாக இருந்தது. லைல் வெளியே வந்தார். ஏன் பூட்டினீர்கள் என்று கேட்கவில்லை.

"ஜெயிச்சோமா?"

"ஜெயிச்சோம் மச்சான். சுரங்கத்தானும் தோத்துட்டான். உள்ள போயிட்டோம்."

சிரித்தார். கைகளை மேலே தூக்கினார். பிறகு மெல்ல இறக்கிக்கொண்டார். "என் எடத்துல யாரு உக்காந்திருந்தா?" என்றார்.

"யாரும் இல்ல."

பனியில் உட்கார்ந்து அழுதார். அதை ஆனந்தக் கண்ணீர் என்று குறித்திருக்கிறேன்.

டொரீன் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள்: "நீ அவருக்கு ஈடா எதையாவது செய்யி அண்ணே. இல்ல, என் வாசப்படிய மிதிக்காத." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். அவர்கள் மகள் அரிசோனாவில் இருக்கிறாள். செப்டம்பரில் பிறந்த பேத்தியை லைல் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை. போகவரப் பயணச்சீட்டு வாங்கி, சாசேஜ் பொட்டலத்தோடு அவர் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "போய்யா, பைத்தியக்கார மச்சான்," என்று கட்டிக்கொண்டார். டொரீன் காப்பி போட்டாள். பேத்தியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால், சீட்டில் போட்டிருந்த நாளையும் நேரத்தையும் அவர் கவனிக்கவில்லை.

இதில் சொன்னவை எல்லாம் நான் செய்தவையே. எங்கே கையெழுத்திட வேண்டுமோ காட்டுங்கள். அவரை விமான நிலையத்துக்கு நீங்களே அழைத்துப்போவதாகச் சொன்னது உங்கள் பெருந்தன்மை. பிளேஆஃப் ஆட்டம் ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு. விமானம் பதினொன்று ஐம்பதுக்கு. நான்கு மணி நேரப் பயணம். ஜன்னலோர இருக்கையாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன், வழியெல்லாம் மேகம் பார்த்துக்கொண்டு போகட்டும். அந்த விமானத்தில் தொலைக்காட்சி கிடையாது. விசாரித்துவிட்டேன்.