பெரிய சப்பாத்து

தொண்ணூறுகளில் ஒரு மாலை, இத்தாலியில் ஒரேத்தோ போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்த் தம்பதி இருந்தார்கள். பஸ்ஸில் ஒருவருக்கும் தமிழ் விளங்காது என்ற துணிவில் மனைவி சத்தமாகவே சொன்னார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையின்ரை மூத்திரத்தைக் கேக்கினம்."

"ஆர்?"

"ஓட்டம் பழக்கிறவர். எண்ணூறு மீற்றரிலை கடைசியா வந்தவள் திடீரெண்டு முதலா வாறாள். ஏதோ மருந்து எடுக்கிறாள் எண்டு மற்றத் தாய்மார் கதைக்கினமாம்."

கணவர் குரலைத் தாழ்த்தினார்.

"எடுக்கிறாளோ?"

"நானும் பயந்துபோய்த்தான் கேட்டனான். அழுதுபோட்டாள். போன வருஷம் முழுக்க நீங்கள் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை மகன்ரை பழைய சப்பாத்துக்குள்ளை கடுதாசி அடைஞ்சு ஓடினவளாம். இப்பதான் கிளப்பிலை அளவானது குடுத்திருக்கினம்."

"அது நான் கொண்டுவந்து குடுத்த சப்பாத்தெல்லே. அளவோ எண்டு கேக்க ஓம் எண்டவள்."

"நீங்கள் அவ்வளவு சந்தோசமாக் கொண்டுவந்தனீங்களாம். பெரிசு எண்டு சொல்ல மனம் வரேல்லையாம்."

கணவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சோதிக்கட்டும். நானும் கூடப் போறன்," என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "புதுச் சப்பாத்து காலைக் கடிக்கேல்லையோ?"

"இல்லை. நானே விரல் விட்டுப் பாத்தனான்."